வெள்ளி சேர்த்த ஹைட்ராக்ஸிஅபடைட் பொடி சாம்பல் நிறமாகிறது, பாக்டீரியாவும் சாகவில்லை: எங்கே தவறு?

வெண்பொடி எழுதியது:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு மூன்றாம் ஆண்டு நடக்கிறது. எலும்பில் வைக்கும் உலோக ஆணிகளின் மேல் பூசத்தக்க, பாக்டீரியாவை எதிர்க்கும் பீங்கான் நானோ பொடி செய்வது என் தலைப்பு. பீங்கான் என்று நான் சொல்வது ஹைட்ராக்ஸிஅபடைட். நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதன் நெருங்கிய உறவுதான். அதில் கால்சியம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கொஞ்சம் வெள்ளியைச் செருக வேண்டும். பாடநூல் இதை 'மாசூட்டல்' என்கிறது. எலும்புக்குள் போகிற பொருளுக்கு மாசூட்டுகிறேன் என்று சொன்னால் அம்மா முகத்தைச் சுளிக்கிறார். அதனால் 'வெள்ளி சேர்த்த' என்றே எழுதுகிறேன்.

தலைப்பை நான் தேடிப்போகவில்லை, வழிகாட்டி கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லாததற்குக் காரணம் சித்தப்பா. மொபெட்டிலிருந்து விழுந்து, கணுக்காலுக்கு மேலே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. வைத்த ஆணியில் சீழ் பிடித்தது. எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள், மறுபடி எடுத்தார்கள், இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. எடுத்த ஆணியைக் கேட்டு வாங்கி வந்து, கொதிக்கவைத்து, இப்போது மாட்டுத் தொழுவத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டிருக்கிறார். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. உலோகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதன் மேல் குடியேறிய கூட்டம்தான் தொல்லை.

இனி செய்முறை. முழுதாகவே எழுதிவிடுகிறேன். கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் 23.14 கிராம், சில்வர் நைட்ரேட் 0.34 கிராம், இரண்டையும் சேர்த்து 200 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்துக்கொள்வேன். இன்னொரு பீக்கரில் டைஅம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 7.92 கிராம். கால்சியமும் வெள்ளியும் சேர்ந்து பாஸ்பரசுக்கு 1.67 மடங்கு, நூறு உலோக அயனிகளில் இரண்டு வெள்ளி என்பது கணக்கு. அம்மோனியா ஊற்றி பிஹெச்சை 10.5-இல் நிறுத்தி, பாஸ்பேட்டை பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவேன். இரண்டு மணி நேரம் காந்தக் கலக்கியின் பக்கத்திலேயே உட்கார வேண்டும். இரவு அப்படியே ஊறவிட்டு, காலையில் வடிகட்டி, பிஹெச் 7 வரும்வரை ஐந்தாறு முறை கழுவி, 80 டிகிரியில் உலர்த்தி, மஃபிள் உலையில் 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடுவேன்.

வெள்ளி சேர்க்காத பொடி பச்சரிசி மாவு போல வெள்ளையாக வருகிறது. வெள்ளி சேர்த்தது உலர்ந்ததும் இளமஞ்சள். சன்னல் ஓரத்தில் ஒரு பகல் வைத்தால் பழுப்படிக்கிறது. சுட்டு எடுத்தால் திருநீற்று நிறம். நூற்றுக்கு ஐந்து வெள்ளி சேர்த்த தொகுதி ஈரச் சிமெண்ட் போல வந்தது. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர் பாய்ச்சிப் படிகத்தை அடையாளம் காணும் சோதனை) ஹைட்ராக்ஸிஅபடைட் கோடுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, 38.1 டிகிரியில் மட்டும் ஒரு சிறு மேடு. "வெள்ளி உள்ளே போய்விட்டது, அதனால்தான் வேறு கோடுகள் இல்லை" என்கிறார் வழிகாட்டி.

பாக்டீரியா சோதனைதான் மானத்தை வாங்குகிறது. பொடியை 10 மில்லிமீட்டர் வில்லையாக அழுத்தி, பாக்டீரியா பரப்பிய அகார் தட்டில் வைத்தேன். பாக்டீரியா செத்தால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழ வேண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தட்டில் வில்லையைச் சுற்றி நகக்கண் அளவுகூடத் தெளிவு வட்டம் வரவில்லை. ஈ. கோலை தட்டிலும் இல்லை. படிக்கிற கட்டுரைகளில் எல்லாம் பெரிய பெரிய வட்டங்கள்.

வெள்ளி உள்ளே போயிருக்கிறதா இல்லையா? சாம்பல் நிறம் தவறின் அடையாளமா? சோதனை முறையில் பிழையா? அல்லது வெள்ளியை விட்டுவிட்டுத் துத்தநாகத்துக்கு மாறிவிடட்டுமா? அடுத்த மாதம் ஆய்வுக் குழுவின் முன் நிற்க வேண்டும்.

பின்குறிப்பு: கழுவிய நீரை எல்லாம் பழுப்பு பாட்டில்களில் ஊற்றி சன்னல் மேடையில் வைத்திருக்கிறேன். எப்போதாவது சோதிக்க வேண்டிவரலாம் என்ற எண்ணம்தான். மூன்று வாரம் ஆகிறது.

உலைமேடை எழுதியது:

அம்மா, பின்குறிப்பிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். அந்தப் பாட்டில்களைத் தொடாதீர்கள், குலுக்காதீர்கள், மூடியைத் திருகாதீர்கள். அம்மோனியாவும் வெள்ளியும் சேர்ந்த கரைசலை நாள்கணக்கில் வைத்தால் கறுப்பாக ஒரு படிவு இறங்கும். வெள்ளி நைட்ரைடு. லேசாகத் தட்டினாலே வெடிக்கிற சரக்கு. உங்கள் கழுவுநீர் நீர்த்ததுதான், ஒன்றும் ஆகாமல்கூட இருக்கலாம். ஆனால் முதல் வடிநீரையும் சேர்த்துத்தானே ஊற்றியிருப்பீர்கள்? ஆய்வகப் பொறுப்பாளரிடம் இன்றே சொல்லுங்கள், அவர் பார்த்துச் செய்யட்டும். இனிமேல் வடிகட்டிய அன்றே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கி, உப்புக்கரைசல் சேர்த்து வெள்ளியை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் டோலன்ஸ் வினைக்கரைசலை அவ்வப்போது புதிதாகச் செய்யச் சொல்வதும் இதனால்தான்.

உங்கள் முதல் கேள்விக்கான விடையும் அந்தப் பாட்டில்களுக்குள்தான் இருக்கிறது. அம்மோனியா வெள்ளியைக் கவ்விக்கொண்டு கரைசலிலேயே வைத்துக்கொள்ளும். இரண்டு அம்மோனியா மூலக்கூறுக்கு நடுவே ஒரு வெள்ளி அயனி சொகுசாக மிதக்கும், நிறமே இருக்காது. நீங்கள் வடிகட்டும்போது அது தண்ணீரோடு போய்விடும். ஐந்தாறு முறை கழுவுகிறேன் என்று வேறு சொல்கிறீர்கள். நான் பல ஆண்டுகளுக்கு முன் இதே வேலையைத் தாமிரத்தை வைத்துச் செய்தேன். தாமிரம் நல்ல மனிதன், திருடியதை மறைக்கத் தெரியாது. வடிநீர் கருநீலமாக வந்தது, பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். வெள்ளி சத்தமில்லாமல் போய்விடும், அவ்வளவுதான் வித்தியாசம். துத்தநாகமும் அம்மோனியாவோடு இதே உறவு கொண்டாடும், ஆகவே உலோகத்தை மாற்றினால் மட்டும் தப்பிவிட முடியாது.

எவ்வளவு போனது என்று தெரிந்துகொள்ள விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உங்கள் அளவுப்படி ஒரு தொகுதியில் பத்து கிராமுக்குச் சற்று மேல் பொடி கிடைக்கும், அதில் வெள்ளி 0.216 கிராம், அதாவது எடையில் 2.1 சதவீதம் இருக்க வேண்டும். சுட்ட பொடியில் 0.5 கிராம் எடுத்து நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்குங்கள். அபடைட்டும் கரையும், உலோகமாக மாறிப்போன வெள்ளியும் கரையும். நன்றாகக் கொதிக்கவைத்து அமில ஆவியை விரட்டிவிட்டு ஆறவிடுங்கள். ஃபெரிக் ஆலத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, 0.01 நார்மல் பொட்டாசியம் தயோசயனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செம்பழுப்பு நிறம் நிற்கும்வரை தைட்ரேட் செய்யுங்கள். வோல்ஹார்டு முறை, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் செய்திருப்பீர்கள். வெள்ளி முழுதும் உள்ளே இருந்தால் 10 மில்லிக்கு ஒரு மயிரிழை குறைவாகச் செலவாகும். 4 மில்லியிலோ 5 மில்லியிலோ செம்பழுப்பு வந்துவிட்டால், மீதி எங்கே போனது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது நிறம். இளமஞ்சள் என்றீர்களே, அது வெள்ளி பாஸ்பேட். வெளிச்சம் பட்டுப் பழுத்ததும் அதற்கு அத்தாட்சி. ஆக, கரைசலில் ஓடாமல் தங்கிய வெள்ளியிலும் ஒரு பகுதி அபடைட்டின் படிகத்துக்குள் போகவில்லை, பக்கத்தில் தனிக்குடித்தனம் வைத்திருக்கிறது. 900 டிகிரியில் சுட்டபோது அது உலோக வெள்ளியாகப் பிரிந்து மணிகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த 38.1 டிகிரி மேடு உலோக வெள்ளியின் முதல் கோடு. அந்த இடத்தில் அபடைட்டுக்குக் கோடு இல்லை, அடுத்தது 39-க்கு மேலேதான், ஆகவே அதை அபடைட்டின் கணக்கில் எழுத முடியாது. உங்கள் வழிகாட்டி சொல்வதில் ஒரு திருத்தம்: வேறு கோடுகள் தெரியவில்லை என்பதற்காக வெள்ளி உள்ளே போய்விட்டது என்று ஆகிவிடாது. ஒன்றிரண்டு சதவீதம் இருக்கும் பொருளை எக்ஸ்ஆர்டி பல சமயம் கண்டுகொள்ளாது. உள்ளே போயிருந்தால் படிகக் கூட்டின் அளவு கொஞ்சம் விரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கால்சியம் அயனியின் ஆரம் 1.00 ஆங்ஸ்ட்ராம், வெள்ளிக்கு 1.15. சுத்த அபடைட்டில் 'ஏ' அச்சு 9.418, 'சி' அச்சு 6.884. உங்கள் பொடியில் இவை நகர்ந்தனவா என்று முதலில் கணக்கிட்டுப் பாருங்கள்.

வெள்ளி முழுதாக நுழையாததில் வியப்பும் இல்லை. கால்சியத்துக்கு மின்சுமை இரண்டு, வெள்ளிக்கு ஒன்று. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு பக்கம் மாடில்லாமல் பூட்டினால் நுகத்தடி சாயும் அல்லவா, அந்தச் சாய்வைப் படிகம் வேறு எங்காவது சரிக்கட்டியாக வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அளவு மீறினால் வெளியே தள்ளிவிடும். துத்தநாகத்துக்கு மின்சுமை இரண்டுதான், பொருந்தும். ஆனால் ஆரம் 0.74 என்பதால் கூடு சுருங்கி, சுடும்போது டிரைகால்சியம் பாஸ்பேட்டாக உடையத் தொடங்கும். பாக்டீரியாவைக் கொல்வதில் வெள்ளியின் கால் தூசிக்கு வராது, நிறையச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடு உண்டு.

சாம்பல் நிறம் குற்றமா என்றால், மருந்துக்குக் குற்றமில்லை. மணியின் மேல் ஒட்டிய உலோக வெள்ளி மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றமாகி அயனிகளை விட்டுக்கொண்டுதான் இருக்கும், ஒரு சேமிப்புக் கிடங்கு மாதிரி. ஆனால் கட்டுரைத் தலைப்பில் 'படிகத்தினுள் பதிலீடு' என்று எழுதினால் குற்றம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டபின் அது நானோ பொடி இல்லை. வீழ்படிவாக இறங்கும்போது இருபது, முப்பது நானோமீட்டர் குச்சிகளாக இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டி நூற்றுக்கணக்கில் பெருத்திருக்கும். எக்ஸ்ஆர்டி கோட்டின் அகலத்திலிருந்து மணியின் அளவைக் கணக்கிடும் ஷெரர் வாய்ப்பாட்டில் போட்டு ஓர் எண் வாங்கிவிடலாம்தான், அந்த எண்ணை நம்ப முடியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அம்மோனியா வழியையே கைவிட்டுவிடுவேன். முதலில் வெள்ளியில்லாத அபடைட்டைச் செய்து நன்றாகக் கழுவி வைத்துக்கொள்வேன். பிறகு அளந்த சில்வர் நைட்ரேட் கரைசலில், அம்மோனியா வாடையே படாமல், அலுமினியத் தாள் சுற்றிய குடுவையில் ஒரு நாள் கலக்குவேன். ஊறும் முன்னும் பின்னும் கரைசலைத் தைட்ரேட் செய்தால் எவ்வளவு வெள்ளி ஏறியது என்பது கையில் இருக்கும். சுடுவது 400 டிகிரியோடு போதும்.

கட்டும் ஆணியும் எழுதியது:

நான் எலும்பு முறிவு அறுவை மருத்துவன். வேதியியலில் உலைமேடை சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது. சித்தப்பாவின் தாழ்ப்பாளைப் படித்துவிட்டு எழுதாமல் போக மனமில்லை.

எலும்பு வெளியே வந்த முறிவில் மண், சாணம், துணி நூல் எல்லாம் உள்ளே போயிருக்கும். கழுவி, செத்த தசையை வெட்டியெடுத்து, உடனே ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் சிலருக்குச் சீழ் பிடிக்கும். ஆணி உள்ளே போன கணத்திலிருந்து அதன் மேல் யார் முதலில் குடியேறுவது என்று உடம்பின் செல்களுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரு போட்டி. 1987-இல் அந்தோனி கிறிஸ்டினா இதை 'பரப்பைப் பிடிக்கும் ஓட்டம்' என்ற கருத்தில் எழுதினார். பாக்டீரியா முந்திவிட்டால் வழவழவென்று ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்ளும், பயோஃபிலிம். அதன் பிறகு ஊசி மருந்து உள்ளே போய்ச் சேருவதில்லை, ஆணியை எடுத்தே ஆக வேண்டும். சித்தப்பாவுக்கு நடந்திருப்பதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன், உங்கள் பொடி எதனோடு போட்டியிடுகிறது என்று தெரியட்டும். 40 கிராம் எலும்புச் சிமெண்ட் பாக்கெட்டைப் பிரித்து, 2 முதல் 4 கிராம் வான்கோமைசின் தூளைக் கலந்து பிசைவோம். நெஞ்சில் நீர் எடுக்கப் போடும் குழாயின் உட்புறத்தில் எண்ணெய் தடவி, சிமெண்டை அதற்குள் நிரப்பி, நடுவில் மெல்லிய கம்பியைச் செருகுவோம். இறுகும்போது கை பொறுக்காத சூடு வரும், அதனால் சூட்டில் கெடாத ஆன்டிபயாட்டிக்தான் இதற்குச் சரிப்படும். இறுகியதும் குழாயைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தால் மருந்து பூசிய ஆணி தயார். ஐஸ் குச்சியைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவுவது போல. சிமெண்டில் ஜென்டாமைசின் கலக்கும் யோசனை 1970-இல் புக்ஹோல்ட்ஸ் ஜெர்மனியில் தொடங்கிவைத்தது, இன்றுவரை ஓடுகிறது. இதன் குறை, முதல் சில நாள்களில் மருந்து கொட்டிவிட்டுப் பிறகு சொட்டுச் சொட்டாக வடிகிறது, சிமெண்டை எடுக்க இன்னோர் அறுவை வேண்டும். எலும்பு ஏற்றுக்கொள்ளும் அபடைட்டே மருந்தையும் சுமந்தால் அந்த இரண்டாம் அறுவை மிச்சம்.

வெள்ளி வேலை செய்யாது என்று யாரும் சொல்ல முடியாது. எலும்புப் புற்றுக்கு வைக்கும் பெரிய செயற்கை எலும்புகளில் மூன்ஸ்டர் நகர மருத்துவர்கள் 2010-இல் ஓர் ஒப்பீடு வெளியிட்டார்கள். வெள்ளி பூசியது 51 பேருக்கு, வெறும் டைட்டானியம் 74 பேருக்கு. தொற்று 17.6 சதவீதத்திலிருந்து 5.9-க்கு இறங்கியது. ஜப்பானில் சாகா பல்கலைக்கழகத்தாரும் கியோசெராவும் சேர்ந்து உருவாக்கிய, வெள்ளி கலந்த ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சுடைய இடுப்பு மூட்டு 2016 முதல் விற்பனையில் இருக்கிறது. உங்கள் தலைப்பின் நேரடி அண்ணன் அதுதான், முதலில் அதைப் படியுங்கள்.

மறுபக்கமும் உண்டு. சில்சோன் என்று வெள்ளி பூசிய துணி வளையத்தோடு ஒரு செயற்கை இதய வால்வு வந்தது. தொற்றைத் தடுக்கத்தான் வந்தது. தைத்த ஓரத்தில் கசிவு கூடுதலாக வந்ததால் 2000 ஜனவரியில் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பாக்டீரியாவை ஒட்டவிடாத பரப்பு நம் திசுவையும் ஒட்டவிடாமல் போகலாம். ஆகவே உங்களிடம் நான் கேட்கப்போவது வட்டத்தின் அகலத்தை அல்ல. ரத்தத்தில் ஒரு வாரம் ஊறியபின் உங்கள் பொடி என்ன செய்யும்? எலும்புச் செல் அதன் மேல் உட்காருமா? சுத்தியலால் ஆணியை இறக்கும்போது பூச்சு உரியுமா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலான ஆய்வேடுகள் தொடுவதே இல்லை.

அகார் அக்கா எழுதியது:

தங்கையே, தெளிவு வட்டத்தை முதலில் மறந்துவிடு. அந்தச் சோதனை தண்ணீரில் கரைந்து அகாருக்குள் பரவும் மருந்துகளுக்காக ஏற்பட்டது. உன் வில்லை கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, அதிலிருந்து கசியும் வெள்ளி இரண்டடி வைப்பதற்குள் பிடிபட்டுவிடும். பிடிப்பவர்கள் இருவர். ஒருவர் குளோரைடு. வெள்ளியைக் கண்டதும் சில்வர் குளோரைடாக உறையவைத்துவிடுவார். மற்றவர் கந்தகம்.

இந்தக் கந்தகக் கதையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கொலுசு ஏன் கறுக்கிறது? காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்களை வெள்ளி விடாது. பாக்டீரியாவைக் கொல்வதும் அதே பிடிவாதம்தான். அதன் சுவாச நொதிகளிலும் சவ்வுப் புரதங்களிலும் உள்ள கந்தகத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். ஆனால் முல்லர்-ஹின்டன் அகாரில் மாட்டிறைச்சிச் சாறும் கேசின் புரதமும் ஏராளமாக இருக்கின்றன. வெள்ளிக்குப் பாக்டீரியா யார், சாப்பாடு யார் என்று தெரியாது. வழியில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். டாக்டர் ஐயா ரத்தத்தைப் பற்றிக் கேட்டதும் இதையேதான்.

எண்ணிப் பார்க்கும் முறைக்கு வா. ஏடிசிசி 25923 என்ற எண்ணுள்ள, சோதனைக்கென்றே வைத்திருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸை மில்லிக்கு 10 லட்சம் என்று எடுத்துக்கொள். சத்துக்கரைசலை 500 மடங்கு நீர்த்துக்கொள், பரப்புகளுக்கான ஐஎஸ்ஓ 22196 முறையிலும் இதே அளவுதான். மில்லிக்கு 1 மில்லிகிராம் பொடி போட்டு 37 டிகிரியில் குலுக்கியில் வை. 0, 2, 6, 24 மணி நேரத்தில் எடுத்து, படிப்படியாக நீர்த்து, தட்டில் பரப்பி, 30 முதல் 300 வரை காலனி உள்ள தட்டுகளை மட்டும் எண்ணு.

எல்லோரும் இரண்டு இடத்தில் வழுக்குவார்கள். எடுத்த மாதிரியில் வெள்ளியும் கூடவே வரும், தட்டில் போன பிறகும் கொன்றுகொண்டிருக்கும். அதனால் நீர்க்கும் முதல் குழாயிலேயே சோடியம் தயோகிளைகாலேட் விட்டு அதன் வாயை அடைக்க வேண்டும். அதுவும் கந்தகச் சரக்குதான் என்பதைக் கவனி. இரண்டாவது, பாக்டீரியாவுக்கு அபடைட் மேல் ஒட்டிக்கொள்ளப் பிடிக்கும். பொடியோடு சேர்ந்து குழாயின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே தெளிந்த நீரை எடுத்து எண்ணினால் பாதி செத்துவிட்டது போலத் தெரியும். ஒன்றும் செத்திருக்காது, கீழே சுகமாக இருக்கும். அதனால் வெள்ளியில்லாத அபடைட்டை, அதே சூட்டில் சுட்டு, அதே எடையில், பக்கத்துக் குழாயில் ஓட்டாமல் எந்த எண்ணையும் எழுதாதே.

ஒரு நண்பர் 99 சதவீதம் கொன்றுவிட்டேன் என்று குதித்தார். 10 லட்சத்தில் 99 சதவீதம் போனால் பத்தாயிரம் மிச்சம். அது ஓரிரவில் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். குறைந்தது 99.9 வேண்டும்.

வெண்பொடி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

மூவருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பாட்டில்கள்: பொறுப்பாளரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். உலைமேடை ஐயா எழுதியதை வாசித்துக் காட்டியதும் சிரிப்பு நின்றது. அறையில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, முகக்கவசமும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு அவரே பார்த்தார். நான்கு பாட்டிலில் ஒன்றில் மட்டும் அடியில் மைப்பொட்டு போலக் கறுப்பு இருந்ததாம். மற்ற மூன்றை அவர் அமிலமாக்கி அப்புறப்படுத்தினார். அந்த ஒன்றை என்ன செய்தார் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஆய்வகக் கதவில் என் பெயர் போடாமல் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. எல்லோருக்கும் யார் என்று தெரியும்.

தைட்ரேஷன்: சுட்ட பொடி 0.5 கிராமுக்கு 4.1 மில்லி. இன்னொரு முறை செய்தேன், 4.2. ஆக, வெள்ளி 2.1 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 0.9 இருக்கிறது. மனம் ஆறாமல் அம்மோனியா வழியில் ஒரு சிறு தொகுதியை மறுபடி செய்து, வடிநீரை உடனே அமிலமாக்கி உப்புக்கரைசல் விட்டேன். அரிசி களைந்த கழுநீர் மாதிரி திரண்டது. எட்டு மாதமாக அதைத்தான் கழுவிக் கழுவி ஊற்றியிருக்கிறேன்.

ஊறவைக்கும் வழி: வெள்ளி எடையில் 1 சதவீதம் என்று குறிவைத்தேன், முன்னும் பின்னும் தைட்ரேட் செய்ததில் 0.9 ஏறியிருக்கிறது. 400 டிகிரியில் சுட்டது தயிரேடு நிறம், லேசான மங்கல். கூட்டின் அளவு பெரிதாக நகரவில்லை. 'பதிலீடு' என்ற சொல்லை ஆய்வுத் தலைப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் "வெள்ளி ஏற்றிய என்று போடு" என்றார்.

அகார் அக்கா சொன்னது அப்படியே நடந்தது. வெள்ளியில்லாத பொடியிலேயே ஆறு மணி நேரத்தில் எண்ணிக்கை 10 லட்சத்திலிருந்து நாலரை லட்சமாகக் குறைந்ததாகக் காட்டியது. குழாயை நன்றாகக் குலுக்கிக் கலக்கி எடுத்தால் எட்டு லட்சம். வெள்ளி ஏற்றியதில் ஆறு மணிக்கு மூவாயிரம், 24 மணிக்குத் தட்டு வெறுமை. அக்கா, வெறுமையை எப்படி எழுதுவது? பூச்சியம் என்றா?

அகார் அக்கா எழுதியது:

பூச்சியம் என்று எழுதாதே. உன் முறையில் எண்ணத்தக்க மிகக் குறைந்த அளவு எதுவோ, அதற்குக் கீழே என்று எழுது. இனி சத்துக்கரைசலுக்குப் பதில் சீரம் கலந்து அதே சோதனையை ஓட்டு. எண் கெட்டுப்போகும், தயாராக இரு.

வெண்பொடி எழுதியது:

ஓட்டினேன். கெட்டுப்போனது. 24 மணியிலும் இருபதாயிரம் நிற்கிறது. ஆனாலும் அதை அட்டவணையில் முதல் வரியாகவே போட்டுவிட்டேன்.

டாக்டர் ஐயாவின் மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பூச்சே இன்னும் இல்லை, பொடிதான் இருக்கிறது. இரண்டாவதுக்கு எம்ஜி-63 எலும்புச் செல்களில் வைத்துப் பார்க்க வேண்டும். செல் வளர்க்கும் அறையில் கார்பன் டைஆக்சைடு சிலிண்டர் தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வரும் என்கிறார்கள். போன திங்கட்கிழமையும் இதையேதான் சொன்னார்கள்.